முகமூடி அணிந்த நீதி

எழுபதுகளில் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகளில் வளர்ந்த சிறுவர் பலருக்கு ஒரு மாவீரன் திரையரங்கின் வழியாக அன்று, அச்சகத்தின் வழியாக அறிமுகமானான். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே, பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையும் தொலைவில் உள்ள சிவகாசியிலிருந்து 1972-ஆம் ஆண்டு ‘முத்து காமிக்ஸ்’ வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. விபத்தில் ஒரு கையை இழந்து, இரும்புக் கை பொருத்தப்பட்ட மனிதன் அவன். உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவன் உருவம் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் காற்றில் தெரியும். அக்கை தீயோரை வீழ்த்தும்; நல்லோரைக் காக்கும். தெருவில் தன்னைவிட வலியவனிடம் அடிவாங்கிய சிறுவன் எவனும், அந்தக் கை தனக்கும் வாய்க்காதா என்று ஏங்காமல் இருந்திருக்க மாட்டான்.

அக்கதையின் மூலத்தில் நாம் மறந்துவிடக் கூடாத ஒரு செய்தி உண்டு. 1962-இல் இங்கிலாந்து நாட்டு வார இதழொன்றில் அந்த மாயாவி முதன்முதலாகத் தோன்றியபோது அவன் நல்லவனாக இல்லை. பிறர் கண்ணுக்குத் தான் புலப்படவில்லை என்று அறிந்தவுடன் அவன் செய்த முதல் வேலை குற்றம் புரிவதுதான். பின்னரே அவன் மனம் மாறி, சட்டத்தின் பக்கம் நின்று போராடுபவன் ஆனான். சிறுவர் கதை எழுதியவர்கள்கூட மனித இயல்பை இவ்வளவு கூர்மையாக அறிந்து வைத்திருந்தனர்.

கிரேக்க ஞானி பிளாத்தோ இதே கேள்வியை இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே எழுப்பிவிட்டார். அவருடைய ‘குடியரசு’ நூலில் ஒரு மோதிரத்தின் கதை வருகிறது. அதை அணிந்து திருகினால் அணிந்தவன் மறைந்துவிடுவான். அரசனின் ஆடு மேய்த்த ஒருவனுக்கு அது கிடைக்கிறது. அரண்மனைக்குள் புகுந்து, அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, ஆட்சியைக் கைப்பற்றுகிறான். யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கப் போவதில்லை என்ற நிலையிலும் நீதியோடு நடக்கக்கூடியவன் உண்டா என்பதே அக்கதை முன்வைக்கும் வினா.

சூப்பர் ஹீரோ படங்கள் என்று இன்று உலகமெங்கும் ஓடுகின்ற படங்கள் யாவும் இந்த வினாவின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. 1938-இல் பிறந்த சூப்பர்மேன் முதல் நேற்று வந்த நாயகன் வரை அனைவரும் நீதியின் பெயரால் வருகின்றனர். விடுதலையின் பெயரால் அடிக்கின்றனர். ஆனால் அவர்களை யார் தேர்ந்தெடுத்தார்? அவர்கள் தவறு செய்தால் யாரிடம் முறையிடுவது? மக்களாட்சியில் வாழும் நாம், அதிலும் நீதிக்காகப் பசித்திருக்க அழைக்கப்பட்ட கிறித்தவர்களாகிய நாம், இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைதட்டலின் நியாயம்

தமிழ்த் திரைக்கு முகமூடியும் இறக்கையும் எப்போதும் தேவைப்பட்டதில்லை. நம் நாயகர்கள் முகம் தெரியவே மாவீரர் ஆனவர்கள். 1958-இல் எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து இயக்கி நடித்த ‘நாடோடி மன்னன்’ படத்தில், அரசனைப் போலவே தோற்றம் கொண்ட சாமானியன் ஒருவன் அரசனின் இடத்தில் அமர்ந்து ஏழைகளுக்காகச் சட்டங்கள் இயற்றுகிறான். மக்களுக்கு நன்மை செய்யும் அந்த ஆட்சியும் மக்கள் தந்த ஆட்சி அன்று. முக ஒற்றுமை தந்த ஆட்சி. 1996-இல் வந்த ‘இந்தியன்’ படத்தில் முதிய விடுதலைப் போராட்ட வீரர் ஒருவர் கையூட்டு வாங்குவோரைத் தேடித் தேடிக் கொல்கிறார். இறுதியில் தம் மகனையும் விட்டுவைக்கவில்லை. 2005-இல் வந்த ‘அந்நியன்’ படத்தில், இரயிலில் கெட்ட உணவு வழங்கிய ஒப்பந்தக்காரர் கொதிக்கும் எண்ணெயில் போடப்படுகிறார்.

இப்படங்களுக்குத் திரையரங்குகளில் எழுந்த கைதட்டலை ஏளனம் செய்வது எளிது. ஆனால் அது நேர்மையன்று. கைதட்டியவன் பிறப்புச் சான்றிதழுக்காக அலுவலகப் படியேறி இறங்கியவன். நிலத் தகராறு ஒன்று தந்தை காலத்தில் தொடங்கித் தன் காலத்திலும் முடியாமல் நிற்கக் கண்டவன். நம் நாட்டு நீதிமன்றங்களில் ஐந்து கோடிக்கு மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. தாமதித்த நீதியின் வாசலில் நின்று கால் கடுத்தவன், திரையில் இரண்டரை மணி நேரத்தில் தீர்ப்பும் தண்டனையும் முடிவதைக் கண்டு மகிழ்ந்தால் அவனுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோபத்தை இறைவாக்கினர் ஆமோசும் அறிவார். நீதியை எட்டிக்காயாக மாற்றியவர்களை அவர் கடிந்துகொண்ட சொற்களில் அதே வெப்பம் இருக்கிறது.

கோபம் நியாயமானது என்பதால் அது தேடிக்கொண்ட தீர்வும் நியாயமானதாகிவிடுமா? இப்படங்களின் அமைப்பைக் கவனியுங்கள். குற்றம் சாட்டுபவனும் தீர்ப்பு வழங்குபவனும் தண்டனையை நிறைவேற்றுபவனும் ஒருவனே. குற்றவாளி யார் என்பதில் அவனுக்கு ஐயமே இல்லை. ஏனெனில் இயக்குநர் நமக்கு முன்னரே காட்டிவிட்டார். வாழ்க்கையில் அப்படி முன்கூட்டியே காட்டுபவர் எவரும் இல்லை. அங்கே நமக்கு இருப்பவை சாட்சியும் சான்றும் மறுவிசாரணையும்தாம்.

இந்த வகைப் படங்களில் சில தம்மைத் தாமே ஐயுறும் நேர்மை கொண்டவை என்பதையும் சொல்ல வேண்டும். 2008-இல் வந்த ‘தி டார்க் நைட்’ படத்தில் பேட்மேன் ஒரு கொடியவனைப் பிடிக்க நகரத்து மக்கள் அனைவரின் கைப்பேசிகளையும் உளவுக் கருவிகளாக்குகிறான். இவ்வளவு ஆற்றல் ஒருவன் கையில் இருக்கலாகாது என்று அவனுடைய நண்பரே மறுக்கிறார். வேலை முடிந்ததும் அக்கருவி அழிக்கப்படுகிறது. 2016-இல் வந்த ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்தில் 117 நாடுகள் கூடி, மாவீரர்கள் ஒரு பொது அமைப்பின் கட்டுப்பாட்டுக்குள் வர வேண்டும் என்று உடன்படிக்கை செய்கின்றன, மாவீரர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து தமக்குள்ளேயே மோதிக்கொள்கின்றனர். நம் ‘முதல்வன்’ (1999) படத்தின் முடிவும் எண்ணத்தக்கது. ஒரு நாள் முதல்வராகி, பின்னர் மக்களால் தேர்ந்தெடுக்கவும் பட்ட நல்லவன், தன் எதிரியை இறுதியில் வீழ்த்துவது வாக்கினால் அன்று, வழக்கினாலும் அன்று, ஒரு சூழ்ச்சியால். தானும் அவர்களைப் போல் ஆகிவிட்டதாக அவனே வருந்துகிறான். அந்த வருத்தத்தைக் கைதட்டல் ஒலியில் நாம் சரியாகக் கேட்கவில்லை.

திரை விலகிய பின்

திரையில் கண்டது திரையோடு நின்றுவிடுமாயின் இக்கட்டுரைக்கே தேவையில்லை. 2019 நவம்பரில் ஐதராபாத் அருகே இளம் பெண் மருத்துவர் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். பிடிபட்ட நால்வரும் டிசம்பர் 6-ஆம் நாள் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்கள் அக்காவலர்கள் மேல் பூத்தூவி மகிழ்ந்தனர். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்க்கர் ஆணையம் 2022-இல் தன் முடிவைச் சொன்னது: கொல்லும் நோக்கத்தோடே சுட்டிருக்கிறார்கள், இறந்த நால்வரில் மூவர் வயது நிரம்பாதவர்கள். அந்த நால்வரும் குற்றவாளிகள்தாமா என்பதை ஒரு நீதிமன்றம் ஆய்ந்து சொல்லும் வாய்ப்பு என்றென்றைக்குமாக அழிந்துபோயிற்று. கொல்லப்பட்ட பெண்ணுக்கு உரிய நீதியும் அதனோடு போயிற்று.

அடுத்த ஆண்டு, 2020 ஜூன் மாதத்தில், நமக்கு அண்மையிலேயே அது நிகழ்ந்தது. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கைப்பேசிக் கடையை மூடவில்லை என்ற பெயரில் ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சில நாள்களில் இருவரும் இறந்தனர். நாடு அதிர்ந்தது. அப்போது திரைப்பட இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தித் தாம் ஐந்து படங்கள் எடுத்தமைக்காக வருந்துவதாக வெளிப்படையாக அறிவித்தார். ‘சாமி’யையும் ‘சிங்க’த்தையும் படைத்தவர் அவர். தம் கையைத் தாமே உற்றுப் பார்க்கத் துணிந்த அந்த மனிதரை நாம் மதிக்க வேண்டும். ஆனால் வருந்த வேண்டியவர் அவர் ஒருவர்தாமா? அப்படங்களில் விசாரணை இன்றி எலும்பு முறிந்தபோதெல்லாம் ஆரவாரம் செய்த நாமும் அல்லவா?

அதே நிகழ்ச்சியில் வேறொருவரும் இருந்தார். அந்தக் காவல் நிலையத்தில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் அவர். விசாரணைக்கு வந்த நீதித்துறை நடுவரிடம், அன்றிரவு தாம் கண்டதைக் கண்டபடியே அவர் சொன்னார். உடன் பணியாற்றுவோரின் பகையும் தம் குடும்பத்தின் பாதுகாப்பும் அவர் கண்முன் நின்றிருக்கும். அவரிடம் இரும்புக் கை இல்லை. பறக்கும் ஆற்றல் இல்லை. உண்மையைச் சொல்லும் வாய் ஒன்று இருந்தது. மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கை ஏற்றுக் காவலர்கள் மீது கொலைக் குற்றம் சாட்டியபோது, அவ்வழக்கிற்கு உயிராக நின்றவற்றுள் அவருடைய சொல்லும் ஒன்று.

சாட்சி என்ற சொல் நமக்குப் புதியதன்று. மறைச்சாட்சி என்று நாம் வணங்குவோர் எவரும் எதிரியை வீழ்த்தி அப்பெயர் பெறவில்லை. உண்மையை மறுக்க மறுத்ததால் பெற்றனர். பாண்டிய நாட்டின் பழம்பெருங்கதையும் இதையே காட்டுகிறது. கண்ணகி அரசவையில் வென்றது தீயினால் அன்று. தன் காற்சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்று சொல்லி, அதை உடைத்துக் காட்டிய சான்றினால் வென்றாள். சிலம்பு உடைந்த நொடியிலேயே அரசன் தன் தவற்றை உணர்ந்து உயிர் துறந்தான். நீதி அங்கே நிறைவேறிவிட்டது. அதன் பின் மூண்ட தீயில் எரிந்த மதுரையில், வழக்கோடு தொடர்பே இல்லாத எத்தனையோ வீடுகள் இருந்தன.

மறைவு யாருக்கு, வெளிச்சம் யாருக்கு

இப்போது மோதிரத்தின் கதைக்கும் மாயாவியின் கதைக்கும் திரும்புவோம். மறைந்திருக்கும் ஆற்றல் ஆபத்தானது என்றால், மக்களாட்சி ஏன் ஒரு மறைவை நமக்குத் தந்திருக்கிறது? வாக்குச்சாவடியின் திரைமறைவைத்தான் சொல்கிறேன். அங்கே நிற்கும் வாக்காளனை நிலக்கிழாரும் பார்க்க முடியாது, ஆலை முதலாளியும் பார்க்க முடியாது, சாதித் தலைவரும் பார்க்க முடியாது.

மக்களாட்சியின் நுட்பம் இதில்தான் அடங்கியிருக்கிறது. அது மறைவை எளியவனுக்கும் வெளிச்சத்தை வல்லவனுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. வாக்களிக்கும் ஏழை மறைந்திருக்கலாம், ஆளுகின்றவன் மறைந்திருக்கலாகாது. அவன் சட்டமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். கணக்குத் தணிக்கைக்கு உட்பட வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு சாதாரண விண்ணப்பத்திற்கும் விடை தர வேண்டும். மாவீரர் படங்கள் இந்தப் பங்கீட்டைத் தலைகீழாக்குகின்றன. அங்கே வலிமை மிக்கவன் முகமூடிக்குள் மறைகிறான். எளியவன் வெட்டவெளியில் நின்று அண்ணாந்து பார்க்கிறான். இடக்கை அறியாமல் வலக்கை ஈயட்டும் என்று ஆண்டவர் கற்பித்தது தருமத்தைப் பற்றி. தருமம் மறைவில் செய்யப்படலாம். தண்டனை மறைவில் வழங்கப்படலாகாது.

இந்த உண்மைக்கு இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூருமே ஒரு வரலாற்றுச் சான்று தருகின்றன. இராஜபாளையத்தைச் சேர்ந்த பூ.ச. குமாரசாமி ராஜா காந்தியடிகளின் வழியில் வந்தவர். 1949-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1950 ஜனவரி 26-இல் இந்தியா குடியரசானபோது முதலமைச்சராக இருந்தவர் அவரே. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்த முதல் பொதுத்தேர்தல் வந்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ 17 கோடி வாக்காளர்கள். அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி. தாம் விரும்பியவரின் பெட்டிக்குள் வாக்குச்சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் அந்தப் பெட்டிகளைத் திறந்தபோது, முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா தோற்றிருந்தார். அவருடைய அமைச்சர் பலரும் தத்தம் தொகுதிகளில் தோற்றிருந்தனர்.

அந்தக் காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். படைகள் மோதவில்லை. கோட்டை எரியவில்லை. பருத்திக் காட்டில் வேலை செய்தவரும் தறியில் அமர்ந்தவரும் வரிசையில் நின்று போட்ட துண்டுத் தாள்கள், மாகாணத்தின் முதல்வரிடம் ‘போதும்’ என்று சொல்லிவிட்டன. அவரும் அதைக் கேட்டுக்கொண்டு பதவியை விட்டு இறங்கினார். அவர் தீயவர் என்பதால் தோற்றார் என்று சொல்ல எவரும் இல்லை. பின்னாளில் 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றினார். இராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்திற்குக் கொடுத்துவிட்டார். நல்லவர் ஒருவரையும் மக்கள் வேண்டாம் என்று சொல்லலாம். நல்லவர் அதை ஏற்று அமைதியாக வெளியேறலாம். விடுதலை என்பதன் பொருள் இதைவிடத் தெளிவாக நம் மண்ணில் எழுதப்பட்டதுண்டா? எந்த மாவீரர் படத்திலும் நாயகனை மக்கள் வாக்களித்து வீட்டுக்கு அனுப்பும் காட்சி இல்லை. அப்படி அனுப்ப முடியாதவனிடம் நாம் பெறுவது பாதுகாப்பாக இருக்கலாம். விடுதலையாக இருக்க முடியாது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991-இல் வெளியிட்ட ‘நூறாவது ஆண்டு’ என்னும் சுற்றுமடலில் திருச்சபை மக்களாட்சியை மதிப்பதற்குச் சொன்ன காரணம் இதுவே: ஆளுவோரைத் தேர்ந்தெடுக்கவும், கணக்குக் கேட்கவும், தேவையானால் அமைதியான வழியில் மாற்றவும் அது குடிமக்களுக்கு இடம் தருகிறது. உண்மையையும் மனித மாண்பையும் கைவிட்ட மக்களாட்சி கொடுங்கோன்மையாக மாறும் என்றும் அதே மடல் எச்சரிக்கிறது. பெரும்பான்மையும் சில வேளைகளில் முகமூடி அணிந்த மாவீரனாகிவிடலாம் என்பதை நாம் மறக்கலாகாது.

காயம்பட்ட கை

மாவீரனைத் தேடும் மனம் இன்று பிறந்ததன்று. எங்கள் முன்னே சென்று எங்கள் போர்களை நடத்த ஓர் அரசன் வேண்டும் என்று இஸ்ரயேல் மக்கள் சாமுவேலிடம் கேட்டனர். அந்த அரசன் உங்கள் புதல்வரையும் வயல்களையும் எடுத்துக்கொள்வான், இறுதியில் நீங்களே அடிமைகளாவீர்கள் என்று சாமுவேல் எச்சரித்தார். அவர்கள் கேட்கவில்லை. பிறர் நமக்காகப் போராடட்டும் என்ற விருப்பம் அவ்வளவு வலியது.

ஆண்டவர் இயேசுவின் முன்னும் அதே வாய்ப்பு வைக்கப்பட்டது. பாலைநிலத்தில் அலகை அவரிடம் கேட்டவை யாவும் மாவீரனின் செயல்களே: கல்லை அப்பமாக்கு, கோவிலின் உச்சியிலிருந்து குதி, உலகத்து அரசுகளையெல்லாம் எடுத்துக்கொள். மூன்றையும் அவர் மறுத்தார். அப்பம் பலுகியதைக் கண்ட மக்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போய் அரசராக்க முயன்றபோது தனியே மலைக்கு விலகிச் சென்றார் என்று யோவான் எழுதுகிறார். சிலுவையிலிருந்து இறங்கி வா என்று ஏளனம் செய்தபோதும் அவர் இறங்கவில்லை. ஆற்றல் இல்லாமையால் அன்று. அச்சுறுத்திப் பெறும் பணிவை அவர் விரும்பாமையால். மனிதனின் விடுதலையை இறைவனே இவ்வளவு மதிக்கும்போது, அதை ஒரு நாயகனின் காலடியில் வைக்க நமக்கு என்ன உரிமை?

உயிர்த்தெழுந்த ஆண்டவர் தோமாவிடம் தம் கைகளைக் காட்டினார். ஐயப்பட்டவனை அவர் அடிக்கவில்லை. பார், தொட்டுப் பார் என்றார். உருவம் மறைந்து கை மட்டும் தெரியும் மாயாவிக்கும், காயம் தெரியத் தம் கையை நீட்டும் ஆண்டவருக்கும் இடையேதான் நாம் தேர்ந்துகொள்ள வேண்டும். முன்னதைக் கேள்வி கேட்க முடியாது. பின்னது கேள்விக்காகவே நீட்டப்பட்டது.

மாவீரர் படங்களை நம் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று சொல்வதற்கில்லை. பார்க்கட்டும், மகிழட்டும். 2021-இல் மடோன் அஸ்வின் இயக்கத்தில் வந்த ‘மண்டேலா’வையும் அவர்களோடு அமர்ந்து பாருங்கள். ஊரார் பெயர் சொல்லிக்கூட அழைக்காத முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர், தம் கையில் இருக்கும் ஒரே ஒரு வாக்கினால் ஊர் முழுவதையும் தம் பக்கம் திரும்பிப் பார்க்க வைக்கும் கதை அது. படம் முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: முகமூடி வீரன் போனபின் ஊர் மக்களிடம் என்ன மிஞ்சியது? மண்டேலாவின் ஊரில் என்ன மிஞ்சியது?

தமிழ்நாட்டு அரசின் சின்னத்தில் நாம் காணும் கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று மரபாகச் சொல்லப்படுகிறது. அச்சின்னத்தில் எந்த மனிதரின் முகமும் இல்லை. கோபுரத்தின் கீழே ‘வாய்மையே வெல்லும்’ என்ற இரண்டு சொற்கள் இருக்கின்றன. வாய்மை தானாக வெல்வதில்லை. அதைச் சொல்ல ஒரு வாய் வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் சாலைக் கணக்கைப் படிக்கும்போது எழுந்து ஒரு கேள்வி கேட்பவரின் வாயாக அது இருக்கலாம். காவல் நிலையத்தின் வாசலில், தான் கண்டதைச் சொல்லத் தயங்கி நிற்பவரின் வாயாகவும் அது இருக்கலாம். அந்த வாய் திறக்கும்போது அதன் அருகில் நிற்பதே மாவீரனுக்காகக் காத்திருப்பதைவிட நமக்குத் தகுந்த பணியாகும்.